"உந்த வண்டு ஆற்றை பேரில கிடக்கு?"

போன காலபோகத்தில் எங்கள் வயலுக்குக் களைநாசினி அடிக்க ட்ரோன் பிடித்தோம். 16 லீற்றர் மெசினை முதுகில் சுமந்து சேற்றுக்குள் நடந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் வரம்பில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் சத்தம் கேட்டதும் "வண்டு வருகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. போர்க்காலத்தில் மேலே வேவு பார்த்த ஆளில்லா விமானத்துக்கு வன்னியில் அதுதான் பேர், அங்கே அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

அன்று காற்று கொஞ்சம் கூட. சில நாளில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற பயற்றங்கொடிகளில் இலைகள் கிண்ணம் மாதிரிக் குழிந்தன, நுனிகள் முறுக்கிக்கொண்டன. தோட்டக்கார அண்ணை இரண்டு இலையைக் கையில் பிடித்தபடி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, உந்த வண்டு ஆற்றை பேரில கிடக்கு?"

ட்ரோன் யாருடைய பேரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஓட்டின பெடியன் தான் மாத வாடகைக்கு எடுத்தது என்றான். வாடகைக்குக் கொடுத்தவர், "நான் குடுத்ததோட சரி, பறக்க விட்டது அவன்தானே" என்றார். அவருக்கும் அது வேறொருவரிடமிருந்து வந்ததாம். ஒப்பந்தம் என்று காட்டியது கொப்பியில் கிழித்த அரைத்தாள்: திகதி, தொகை, இரண்டு கையெழுத்து. கடைசியில் அண்ணைக்கு நான்தான் கொஞ்சக் காசு கொடுத்தேன். அயலுக்குள் சண்டை வேண்டாமே.

இப்போது எங்கள் கமக்காரர் அமைப்பில் சொந்தமாக ஒன்று வாங்குவோம், லீசிங்கில் எடுப்போம் என்று பேச்சு அடிபடுகிறது. நான் ட்ரோனுக்கு எதிரி இல்லை. ஆனால் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வாங்குகிற மாதிரி இதை வாங்கப் போனால் பிறகு தலையில் கைவைக்க வேண்டி வரும்.

சட்டத்தின் கண்ணில் அது விமானம். ஏறி இருக்க ஆசனம் இல்லாவிட்டாலும் விமானந்தான். விமானி இல்லாத விமானத்தைப் பற்றி 1944ஆம் ஆண்டு சிக்காகோ சாசனம் என்ற சர்வதேச விமான ஒப்பந்தத்தின் 8ஆம் உறுப்புரையே பேசுகிறது. இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சேவைகள் சட்டம் இருக்கிறது. அதை நடத்தும் அதிகாரசபை கட்டுநாயக்காவில். ட்ரோன்களை எடை பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள், 25 கிலோவுக்கு மேல் போனால் தனி வகை. 30 லீற்றர் தாங்கி என்றால் தண்ணீரே 30 கிலோ, கணக்கை நீங்களே பாருங்கள். ரேடியோ அலைவரிசைக்கு அனுமதி தரத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, பறக்க அனுமதி தரப் பாதுகாப்பு அமைச்சு, தாங்கிக்குள் ஊற்றுவதற்கு 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரணைமடுவில் விமானப்படைத் தளம் இருப்பதையும் மறக்கக்கூடாது.

லீசிங் விஷயத்துக்கு வருவோம். பெரிய விமானக் கம்பனிகளும் பாதிக்குப் பாதி வாடகை விமானத்தில்தான் ஓடுகின்றன. அதில் இரண்டு விதம். விமானத்தை மட்டும் எடுப்பது ட்ரை லீஸ். ஆள், பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் சேர்த்து எடுப்பது வெட் லீஸ். 2016இல் பாகிஸ்தான் விமானசேவை ஸ்ரீலங்கனின் ஏ330 ஒன்றை எடுத்தது இரண்டாவது விதம். இது எங்களுக்குப் புதிதா என்ன? உழவுக்கு ட்ராக்டர் பிடிக்கும்போது சாரதியோடுதானே பிடிக்கிறோம், கலப்பை உடைந்தால் அது ட்ராக்டர்காரன் பாடு.

எங்கள் அமைப்பு பேசுகிற லீசிங் ட்ரை லீஸ் மாதிரி, அதில்தான் வில்லங்கம். அந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வாடகை வந்தாக வேண்டும், மழை வெள்ளம் என்று சாட்டுச் சொல்ல முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறக்கத் தடை போட்டார்கள். நாளை மறுபடி அப்படி ஒன்று வந்தால் அமைப்பு எந்தக் காசில் தவணை கட்டும்? கட்டாவிட்டால் சீஸ் பண்ண, அதாவது பறித்துக்கொண்டு போக வருவார்கள், அதை நாங்கள் மோட்டார் சைக்கிளில் நிறையப் பார்த்துவிட்டோம்.

விமானத்தில் அந்தச் சீஸ் கூட லேசில்லை. இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பனி 2023 மே மாதம் வங்குரோத்து என்று கைவிரித்தது. 50க்கும் மேற்பட்ட விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்கள் தங்கள் சொத்தை எடுக்க முடியாமல் கிட்டத்தட்ட ஒரு வருடம் நின்றார்கள். 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் பதிவை நீக்கச் சொல்லித்தான் வழி பிறந்தது. இத்தனைக்கும் இந்த மாதிரிச் சிக்கலுக்கென்றே 2001இல் கேப்டவுன் சாசனம் எழுதப்பட்டது, இந்தியா 2008இலேயே அதில் சேர்ந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் உள்நாட்டுச் சட்டம் 2025இல்தான் வந்தது.

எனக்குப் பிடித்தது 1952ஆம் ஆண்டு ரோம் சாசனம். வேறு நாட்டு விமானம் தரையில் இருப்பவருக்குச் சேதம் செய்தால் யார் பொறுப்பு என்பதுதான் அதன் விஷயம். பறந்த விமானத்தால் வந்த சேதம் என்று காட்டினால் போதும், யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. பொறுப்பு, இயக்கியவருக்கு. ஆனால் யாருடைய பேரில் பதிவு இருக்கிறதோ அவரையே இயக்கியவராக எடுத்துக்கொள்வார்கள். இயக்கியது வேறு ஆள் என்றால் அதை அவர்தான் காட்ட வேண்டும். எங்கள் பயற்றங்கொடிக்கு அந்தச் சாசனம் செல்லாது, சரி. ஆனால் அந்த அண்ணை கேட்ட கேள்வியும் அதேதான். எழுபது வருடத்துக்கு முந்தியே படித்தவர்கள் இருந்து யோசித்த ஒழுங்கை ஒரு வாடகைத் தாளில் நாலு வரியாக எழுத எங்களால் முடியாதா?

வாகனத்தைப் பேர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் கைமாற்றி ஓடுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. ட்ரோனில் அதைச் செய்தால் முதலில் மாட்டுவது பதிவில் பேர் உள்ள ஆள்தான்.

ஆகவே இந்தச் சிறுபோகத்துக்கு வாங்க வேண்டாம் என்பது என் பக்கம். ஆளோடு வாடகைக்குப் பிடிப்போம். பதிவு இலக்கம், ஓட்டுபவரின் அனுமதி, காப்புறுதி, காற்றுக் கூடினால் நிறுத்தும் உரிமை, பக்கத்துக் காணிக்குச் சேதம் வந்தால் கட்டுவது யார், எல்லாம் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அதிகாரசபையும் ஒரு நாள் கிளிநொச்சிக் கமநல சேவை நிலையத்துக்கு வந்து தமிழில் விளங்கப்படுத்தட்டும். ஒரு படிவத்துக்காகக் கட்டுநாயக்கா போய் வாற பஸ் காசுக்கு இரண்டு போத்தல் மருந்து வாங்கலாம்.

வாற ஞாயிறு கூட்டம். அந்த அரைத்தாளை நான் எறியவில்லை, கொண்டு வருவேன். ஆச்சியிடமும் முதலே சொல்லிவிட்டுத்தான் இனிப் பறக்க விட வேண்டும். அதை எந்தப் படிவத்திலும் கேட்கமாட்டார்கள்.