"பத்தொன்பது வயசுப் பொண்ணுக்குப் பால் ஊறாது" என்பது தவறு

மேலே ஒரு அண்ணன், "பத்தொன்பது வயசுப் பொண்ணுக்குப் பால் ஊறாது, புருஷன் டப்பா பால் வாங்கித் தந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பால் சுரப்பது வயதை வைத்து அல்ல. குழந்தை சப்பச் சப்ப புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கும், பால் ஊறும். பச்சிளம் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும். நடுவில் டப்பா பால் கொடுத்தால் சப்புவது குறையும், பாலும் குறையும். உடனே "பார், பால் பத்தலை" என்பார்கள்! பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். பயமும் பதற்றமும் அதைத் தடுக்கும். முதல் பிள்ளை பெற்ற சின்னப் பெண்ணிடம் "பத்தலையா?" என்று புருஷன் தினம் கேட்டால் என்ன ஆகும்?

நம்ம சென்னையில் பிரசவத்துக்கு அம்மா வீடு. வியாசர்பாடியிலிருந்து தாம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற புருஷனும் போனில் தெம்பு சொல்லலாம். பக்கத்தில் இருந்தால் ராத்திரி குழந்தையைத் தூக்கித் தரலாம், ஏப்பம் விட வைக்கலாம், டப்பாவோடு வரும் அத்தையைச் சமாளிக்கலாம்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. டப்பா பால் விளம்பரத்துக்கே இந்தியாவில் 1992 சட்டப்படி தடை. குழந்தைக்கு எடை ஏறவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.