யாரைக் கேட்டு அழிச்சே?

மூணு நாளாச்சு, இன்னும் ஆறல. "வெறும் பொம்மைதானே மேடம்"னு அந்தப் பழைய வீடியோ கேம் கடைப் பையன் கையை விரிச்சது கண்ணை மூடினா வந்து நிக்குது. வெறும் பொம்மைன்னா அதுக்குள்ள எதுக்குப்பா சிப் வச்சாங்க? வெறும் பொம்மைன்னா நீ எதைத் துடைச்சே?

2011-க்கு அப்புறம் பிள்ளை வளர்த்தவங்களுக்கு நான் ஒண்ணும் விளக்க வேண்டாம். உங்க வீட்டு பேஸ்மென்ட்லயும் ஒரு டப்பா ஸ்கைலேண்டர்ஸ் கிடக்கும், அதான், தட்டுல வச்சா டிவி கேமுக்குள்ள எழுந்து வர்ற சிப் வச்ச பொம்மை. அடிப்பக்கம் பச்சையா இருந்தா முதல் வருஷத்துது, ஆரஞ்சுன்னா 2012, நீலம்னா 2013, சிவப்புன்னா 2014. ஒவ்வொரு நிறமும் எத்தனை பிறந்தநாள், எத்தனை மார்க்குக்கு வாங்கிக் கொடுத்ததுன்னு அம்மாக்களுக்கு மனப்பாடமா தெரியும். எங்க வீட்டு டப்பாவுல நாப்பத்தொண்ணு. பொம்மையை வைக்கற அந்தத் தட்டு, போர்ட்டலும் இருக்கு, டாங்கிள்தான் இல்ல. நின்டென்டோவோட வீ கேம் பெட்டிக்கு வந்த முதல் போர்ட்டலுக்கு வயர் கிடையாது, அந்தச் சின்ன டாங்கிளைப் பெட்டியில சொருகினாத்தான் பேசும். அது தொலைஞ்சா போர்ட்டல் வெறும் தட்டு. உங்க வீட்டுலயும் தொலைஞ்சிருக்கும்.

சரி, ஆன்லைன்ல ஒரு போர்ட்டல் வாங்கினேன். "எல்லாத்துக்கும் வேலை செய்யும்"னு எழுதியிருந்தான். வந்தது எக்ஸ்பாக்ஸ் 360-ங்கற வேற மிஷினோட போர்ட்டல். பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனா வீ அதைச் சீண்டக்கூட இல்ல. பணம் போச்சு. அதை விடுங்க. அதனாலதான் இந்தத் தடவை ஏமாறக்கூடாது, கையில நம்ம பொம்மையையே கொண்டுபோய் கடையில வச்சுப் பார்த்து வாங்கணும்னு கிளம்பினேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.

எந்தப் பொம்மையைக் கொண்டுபோனேன்னு சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

2012-ல எங்க அப்பா கும்பகோணத்துலேர்ந்து இங்க நியூ ஜெர்சிக்கு வந்து ஆறு மாசம் இருந்தார். வெளிய பனி, பக்கத்துல பேச ஆள் இல்ல. டிவி-யில வர்ற எதுவும் பிடிக்கல. என் பையனுக்கு அப்ப ஏழு வயசு. ரெண்டு பேரையும் சேர்த்து வச்சது இந்த விளையாட்டுதான். அப்பாவுக்குக் கன்ட்ரோலர் பிடிக்க வராது, விரல் நடுங்கும். அதனால போர்ட்டல் பொறுப்பு அவருக்கு. கேம்ல வழியில கதவு வரும், நெருப்புக் கதவுன்னா நெருப்பு ஆளைக் கொண்டுவந்தாத்தான் திறக்கும், தண்ணிக் கதவுன்னா தண்ணி ஆள். மொத்தம் எட்டு வகை. எழுபது டாலர் பெட்டியில வர்ற மூணு பொம்மைக்கு மூணு வகைதான் திறக்கும், மிச்ச அஞ்சுக்குத் தனித்தனியா எட்டு எட்டு டாலர் அழுதோம், அது வேற கதை. அப்பா அந்த எட்டு வகையையும் தரையில கொலு மாதிரி வரிசை பிடிச்சு வச்சிருப்பார். "தாத்தா, தண்ணி!"ன்னு இவன் கத்துவான். "இந்தா, வந்துட்டான் பாரு"ன்னு மீன் மூஞ்சிக்காரனைத் தூக்கித் தட்டுல வைப்பார். வச்ச உடனே டிவி-க்குள்ள அவன் குதிச்சு வருவான். ஒவ்வொரு தடவையும் அப்பா முதல் தடவை பார்க்கற மாதிரி கையைத் தட்டுவார்.

அந்த மீன் மூஞ்சிக்காரன்தான் கில் கிரன்ட். அவனுக்கு என் பையன் பேர் வச்சான், தாத்தான்னு. இங்கிலீஷ் எழுத்துல டி, ஹெச், ஏ, டி, ஹெச், ஏ. ஒவ்வொரு எழுத்தா ரிமோட்டை நகர்த்தி நகர்த்தி அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. பத்தாவது லெவல் வரைக்கும் கொண்டுபோனான், அந்த முதல் கேம்ல அதுக்கு மேல கிடையாது. தலையில சமையல்காரர் தொப்பி போட்டுவிட்டான். அப்பா ஊருக்குப் போனார், 2015-ல ஒரேயடியா போயிட்டார்.

பேர், லெவல், காசு, தொப்பி, இது எல்லாமே எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். வீ பெட்டியில இல்ல. பொம்மையோட காலடியில, அந்தப் பச்சை வட்டத்துக்குள்ள இருக்கற சிப்புல. நண்பன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாலும், அங்க இருக்கறது வேற மிஷினா இருந்தாலும், அங்கயும் அதே பேரோட அதே தொப்பியோட எழுந்து வருவான். கலிஃபோர்னியாவுல டாய்ஸ் ஃபார் பாப்னு ஒரு ஸ்டூடியோ யோசிச்ச யோசனை. எவ்வளவு அழகான யோசனைன்னு நான் பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன்.

இப்ப என் பொண்ணுக்கு எட்டு வயசு. அவ தாத்தாவைப் பார்த்ததே இல்ல. டப்பாவைக் கிளறினவ, "இதுக்குள்ள தாத்தா பேர் இருக்குன்னு அண்ணன் சொல்றான், எனக்குக் காட்டு"ன்னு நச்சரிச்சா. அதுக்குத்தான் போனேன்.

கடை சனிக்கிழமை காலியாத்தான் இருந்தது. மூலையில ஒரு கூடை நிறைய போர்ட்டல். வயர் வச்சது ஒண்ணை எடுத்துக் கொடுத்து, "இது வீ-யில வேலை செய்யுதான்னு பார்த்துச் சொல்லுங்க, பொம்மை என்கிட்ட இருக்கு"ன்னேன். கவனியுங்க, போர்ட்டலைப் பார்க்கச் சொன்னேன். போர்ட்டலை! பையன் கடை வீ-யில சொருகினான், டிஸ்க்கைப் போட்டான், என் கையிலேர்ந்து பொம்மையை வாங்கித் தட்டுல வச்சான். தட்டு வெளிச்சம் போட்டது. டிவி-யில மீன் மூஞ்சிக்காரன் குதிச்சு வந்தான். தலையில அந்த வெள்ளைத் தொப்பி. கீழ பேர். ஆறு எழுத்து.

எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. பத்து வருஷத்துக்கு மேல இருட்டு டப்பாவுல கிடந்த பிளாஸ்டிக்குல அந்தப் பேர் அப்படியே இருக்கு. பேட்டரி இல்ல, சார்ஜ் இல்ல, ஆனா இருக்கு. பக்கத்துல நின்ன பொண்ணு எழுத்துக் கூட்டிப் படிச்சா. "அம்மா, தாத்தா!"ன்னா. போன்ல படம் எடுக்கலாம்னு கைப்பையைத் திறந்தேன். சாவி, ரசீது, சீப்பு, எல்லாம் கையில வருது, போன் மட்டும் வரல. எத்தனை நொடி இருக்கும்? பத்து? பன்னெண்டு? அந்த நேரத்துல அவன் மெனுவுக்குள்ள போயிருக்கான். அவன் விரல் நகர்றதை நான் பார்த்தேன். ஏதோ செட்டிங்னு நினைச்சேன். டக், டக்னு ரெண்டு தடவை அழுத்தினான். நான் போனை எடுத்து நிமிர்றேன், தொப்பி இல்ல. பேர் இல்ல. கில் கிரன்ட், லெவல் ஒண்ணு. கடையில வாங்கின அன்னிக்கு எப்படி இருந்தானோ அப்படி, மொட்டையா நிக்கறான்.

"போர்ட்டல் ஓகே மேடம். பொம்மையில யாரோ பழைய டேட்டா வச்சிருந்தாங்க, ரீசெட் பண்ணிட்டேன், இப்ப புதுசு மாதிரி"ன்னான். சிரிச்ச முகத்தோட சொன்னான். எனக்கு உபகாரம் பண்ணின மாதிரி!

யாரோவா? அது யாரோவா?

அது வரைக்கும் இங்கிலீஷ்லதான் பேசிட்டிருந்தோம். என் வாயிலேர்ந்து தமிழ்தான் வந்தது. "யாரைக் கேட்டு அழிச்சே?" அவனுக்குப் புரியல. மறுபடியும் அதையேதான் கேட்டேன், இன்னும் சத்தமா. அப்புறம் இங்கிலீஷ்ல கேட்டேன். திருப்பிக் கொண்டுவான்னேன். வராது மேடம்ங்கறான். எனக்கே தெரியும் வராதுன்னு. வீ பெட்டியில இருந்தா எங்க வீட்டுப் பெட்டியில ஒரு நகல் இருந்திருக்கும். சிப்புல மட்டும்தானே இருந்தது! அங்க அழிஞ்சா அழிஞ்சதுதான். மேனேஜர் வந்தார். "எங்ககிட்ட வர்ற பொம்மை எல்லாத்தையும் துடைச்சுத்தான் விற்போம், பையன் பழக்கத்துல பண்ணிட்டான், அஞ்சு டாலர் குறைச்சுக்கறோம்"ங்கறார். நான் விக்க வரலய்யா! வாங்க வந்தேன்! அஞ்சு டாலர் குறைச்சா என் பையன் ஏழு வயசுல அடிச்ச ஆறு எழுத்து வருமா?

எனக்குக் கோபம் அந்த ஒரு கட்டைவிரல் மேல மட்டும் இல்ல. பொம்மைக்குள்ள ஞாபகத்தை வைன்னு குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துட்டு, வாங்கினவங்களுக்கு அதை ஒரு நகல் எடுத்து வச்சுக்க வழி வைக்காம, கையில கிடைச்ச எவனும் ரெண்டு அழுத்துல துடைக்கலாம்னு விட்டா எப்படி? வருஷா வருஷம் புதுசு விக்கறதுல இருந்த அக்கறை இதுல ஏன் இல்ல? 2013-ல மேல் பாதி கீழ் பாதி மாத்திப் போடற பொம்மை, பதினாறு வாங்கினா இருநூத்தம்பத்தாறு ஆள்னாங்க. அதுக்குப் புதுப் போர்ட்டல். அடுத்த வருஷம் இன்னொரு புதுப் போர்ட்டல். 2016-ல வந்த இமாஜினேட்டர்ஸ்ங்கற கேமோட, ஸ்கைலேண்டர்ஸ்ல பெரிய டிவி-யில ஆடற வரிசை முடிஞ்சுது. அதே வருஷம் மே மாசம் இதே மாதிரிப் பொம்மை கேமான டிஸ்னி இன்ஃபினிட்டியை மூணே வருஷத்துல மூடினாங்க. அதே ஜாதி லெகோ டைமென்ஷன்ஸ் 2015-ல வந்து 2017-ல நின்னுது. இதெல்லாம் நின்னதும் என்ன ஆச்சு? பிள்ளைங்க பேர் வச்ச அத்தனை பொம்மையும் பழைய கடைக் கூடையில குப்பையா கொட்டிச்சு. அதுக்குள்ள ஒரு பேர் இருக்குன்னே தெரியாத ஒரு தலைமுறை கவுன்ட்டர்ல நிக்குது. எடு, வை, துடை, விலை ஒட்டு. அவ்வளவுதான் அவங்களுக்கு.

உங்க வீட்டு டப்பாவுல பேர் வச்ச பொம்மை இருந்தா தயவுசெஞ்சு யார் கையிலயும் கொடுக்காதீங்க. வச்சுப் பார்க்கணும்னா நீங்களே வையுங்க. முதல்ல போட்டோ எடுங்க. கைப்பையில தேடாதீங்க, போனைக் கையிலயே வச்சுக்கோங்க.

ராத்திரி பையனுக்கு போன் பண்ணினேன். காலேஜ்ல இருக்கான். சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "தொப்பி இருந்துச்சாம்மா?"ன்னான். இருந்துச்சுடா, வெள்ளைத் தொப்பின்னேன். "அது தாத்தா கேட்டதும்மா. கல்யாணச் சமையல்காரன் தலையில முண்டாசுதான் கட்டுவான், இவன் தொப்பி போட்டிருக்கானேன்னு சிரிச்சாரு, அதுக்காக அதையே விட்டுட்டேன்"ன்னான். இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா தெரியாது. போனை வச்சுட்டு அழுதேன்.

அழுதுட்டு, மிச்சச் சாம்பாரை மாத்தி வைக்கலாம்னு அடுப்படிக்குப் போனா மூடி போட்ட எவர்சில்வர் தூக்கைக் காணோம். அப்பத்தான் ஞாபகம் வருது. பொங்கலுக்கு எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு, மிச்சத்தைக் கட்டிக் கொடுங்கன்னு வாங்கிட்டுப் போனவங்க இன்னும் தரல. நாலு தடவை கேட்டாச்சு. ஒரு தடவை பதிலுக்கு பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு கொடுத்தனுப்பறாங்க! எனக்கு உங்க பிளாஸ்டிக் வேண்டாம். யார்னு உங்களுக்கே தெரியும், இதைப் படிப்பீங்கன்னும் எனக்குத் தெரியும். அந்தத் தூக்கோட கழுத்துல எங்க அப்பா பேர் வெட்டியிருக்கு. கொண்டுவந்து கொடுத்துடுங்க. கழுவக்கூட வேண்டாம், அப்படியே கொடுங்க.