யோசனை வரும், முடிவு வராது
தொழிலில் பெரிய முடிவு எடுக்கத் தனியாக ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆடினால் 18-வது குழிக்குள் விடை கிடைத்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. கோல்ஃப் என்றாலே குழிக்குக் குழி நடைதான்; நடை பற்றி 2014-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், நடக்கும்போது புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன. ஒரே சரியான விடையைப் பிடிக்கும் வேலைக்கு நடை கைகொடுக்கவில்லை. என் அனுபவமும் அதேதான். எங்கள் அட்டைப்பெட்டி யூனிட்டுக்கு இரண்டாவது மெஷின் வாங்குவதா என்று ஒரு மாதம் குழம்பி, ஒரு விடியற்காலையில் தனியாக ஆடப் போனேன். வாடகைக்கு எடுக்கலாம், இரவு ஷிப்ட் போடலாம், வேலையை வெளியே கொடுக்கலாம் என்று 9 குழிக்குள் மூன்று வழிகள் தோன்றின. இரவு ஷிப்ட்தான் சரி என்று முடிவானது மறுநாள் கணக்காளரோடு உட்கார்ந்து வங்கித் தவணையைப் போட்டுப் பார்த்த பிறகுதான். அப்புறம், தனியாக ஆடினால் ஸ்கோர் வீண்தானே என்று அந்தக் கட்டுரையின் கீழ் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மை, ஆடுபவரின் தரத்தை ஸ்கோர்களை வைத்துக் கணக்கிடும் உலக ஹேண்டிகேப் முறையில் அது சேராது. எனக்கு அதுவே வசதி: குழிக்குள் பந்தை உருட்டிவிடும் அடி ஒன்று தவறினாலும் மனசு அதிலேயே நிற்பதில்லை. நம் ஊர் கிளப்களில் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளரான கேடி (caddie) கூடவே வருவார் என்பதால், "அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் யோசனையில இருக்கேன்" என்று முதல் பந்தை அடிக்கும் இடத்திலேயே சொல்லிவிடுவேன். அவரும் பேசாமல் மட்டையை எடுத்து நீட்டுவார்.