எம்பியிடம் எந்த மனுவைக் கொடுப்பது?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நான் மறுபடி பகிரப் போவதில்லை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நம் இடுக்கி எம்பி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடிக்கிறார். அடுத்த காட்சியில் டெல்லியில் மைக் முன்னால் நிற்கிறார். குறுக்கே “எஸ்டேட்ல ரோடு இல்ல, அவரு நாட்டைக் காப்பாத்தப் போயிட்டாரு” என்று எழுத்து ஓடுகிறது, பின்னால் சிரிப்புச் சத்தம். மூணாறிலிருந்து வண்டிப்பெரியார் வரை எல்லா குரூப்பிலும் நம் ஆட்களே இதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. வலிக்கிறது.

எந்தக் கட்சி, அடுத்த முறை யாருக்கு ஓட்டு என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை. நாளைக்கு வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இதையேதான் எழுதுவேன். லயத்துக்கு வருவதும் டெல்லியில் பேசுவதும் ரெண்டு வேலை இல்லை, ஒரே வேலை. இங்கே வாங்கும் தாள் அங்கே கேள்வியாக வேண்டும். ஆகவில்லையென்றால் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், நாம் கொடுத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டாமா?

எம்பி வந்தால் நம் பக்கம் கொடுக்கும் மனுக்கள் எப்போதும் இவைதான்: எஸ்டேட் டிவிஷன் ரோடு, தெருவிளக்கு, மஞ்சள் ரேஷன் கார்டு, கேரள அரசின் லைஃப் திட்ட வீடு. நாலுமே அவர் கையில் இல்லை. தெருவிளக்கு பஞ்சாயத்து. ரேஷன் கார்டு மாநில சிவில் சப்ளைஸ், தாலுகா அளவிலேயே முடிகிற காரியம். லைஃப் வீட்டுக்குப் பயனாளிப் பட்டியல் பஞ்சாயத்து வழியாக, கிராமசபை பார்த்துத்தான் போகிறது. அந்தக் கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமே சொல்கிறது. வார்டு ஓட்டர்களில் பத்தில் ஒருவர் வந்தால் கோரம். நம் வார்டுகளில் அதற்கே ஆள் சேர்வதில்லை. மஸ்டர் (வருகைப் பதிவு) போட்டு மலையேறிய ஆள் எப்படி வருவார் என்று கேட்பீர்கள். நியாயம். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று மெம்பரைக் கேளுங்கள், எம்பியை அல்ல.

ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடியோவே அதில்தான் நிற்கிறது. நம் மலையில் ரோடு நாலு வகை. கொச்சியிலிருந்து மூணாறு, தேவிகுளம், போடிமெட்டு வழியாகத் தொண்டிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85, குமுளி வழியாகக் கொல்லத்தையும் தேனியையும் சேர்க்கும் 183 இரண்டும் மத்திய அரசு விஷயம். அதில் குழி விழுந்தால், மண் சரிந்தால், காட்டிலாகா தடை போட்டால் எம்பியைத்தான் பிடிக்க வேண்டும். அடுத்து பொதுமராமத்து ரோடு, அது எம்எல்ஏ. அடுத்து பஞ்சாயத்து ரோடு. கடைசியாகக் கம்பெனி ரோடு. லயத்துக்குப் போகும் ரோடு பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. நிலம் கம்பெனி கையில் இருக்கிறது. கம்பெனி எழுதிக் கொடுத்து, ரோடு பஞ்சாயத்தின் ஆஸ்தி ரெஜிஸ்டரில் ஏறினால்தான் அரசாங்கப் பணம் அதில் விழும். அது ஏறாதவரை எம்பியும் போட முடியாது, எம்எல்ஏவும் போட முடியாது. “எம்பி ஃபண்ட் இருக்கே” என்கிறீர்கள். வருஷம் 5 கோடி ரூபாய். இந்தத் தொகுதியில் மூவாற்றுப்புழை, கோதமங்கலம் சேர்த்து ஏழு சட்டமன்றத் தொகுதி. சமமாகப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 71 லட்சம் சொச்சம். அந்தப் பணமும் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரை எழுதுவார், மாவட்ட நிர்வாகம் எஸ்டிமேட் பார்த்து அனுமதி கொடுக்கும். தனியார் நிலமென்றால் அங்கேயே திரும்பிவிடும். ஆகவே முதல் மனு கம்பெனிக்கும் பஞ்சாயத்துக்கும் போக வேண்டியது: ரோட்டை ஒப்படை, ரெஜிஸ்டரில் ஏற்று. பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதிக்கு அந்த 5 கோடியில் 15 சதவீதம் ஒதுக்கச் சொல்லி விதியே இருக்கிறது. நம் லயங்கள் அதில் வரும். ரெஜிஸ்டரில் ரோடு ஏறிய பிறகு, அந்த நம்பரோடு எம்பியிடம் போய் நில்லுங்கள். அப்போது அவரால் மறுக்க முடியாது.

அப்படியானால் எம்பியிடம் கொடுக்க வேண்டியது எது? பிஎஃப். பென்ஷன். தேயிலை வாரியம். தோட்டத் தொழிலாளர் சட்டம். பட்டியல் சாதிப் பட்டியல். இவையெல்லாம் திருவனந்தபுரத்தில் தீராது. இந்த ஐந்தில் ஒன்றைக்கூடத் தெளிவாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்ப்பது அரிது.

பிஎஃப் கதையை நம் மலையில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். கம்பெனி ரெஜிஸ்டரில் மாரியம்மா. ஆதாரில் மாரியம்மாள். பேங்க் புத்தகத்தில் மாரியம்மாள் எஸ். ரெஜிஸ்டரில் இருக்கும் இனிஷியல் அப்பா பெயர், ஆதாரில் இருப்பது வீட்டுக்காரர் பெயர். பிறந்த தேதி வேலைக்குச் சேரும்போது உத்தேசமாகப் போட்டது, ஆதாரிலோ ஜனவரி 1. ஒரே மனுஷி, கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பணம் நிற்கிறது. திருத்த வேண்டுமென்றால் பெரும்பாலும் தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கூட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஓடுகிற தோட்டத்தில் ஆபீஸில் நடையாக நடந்தாவது வாங்கிவிடலாம். பீர்மேடு பக்கம் முதலாளி விட்டுவிட்டுப் போன தோட்டத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? கட்டாத பிஎஃப் பாக்கியை யார் கொடுப்பார்? இங்கேதான் பிராந்திய பிஎஃப் கமிஷனருக்கு எம்பி லெட்டர்பேடில் ஒரு கடிதம் போக வேண்டும். மத்திய அரசு அலுவலகம் எம்பி கடிதத்துக்கு 15 நாளில் கிடைத்ததென்று எழுத வேண்டும், அடுத்த 15 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு அறிவுறுத்தலே உண்டு. சும்மா “என் பிஎஃப் வரவில்லை ஐயா” என்று நாலு வரி எழுதினால் அந்தக் கடிதத்தை அவர் எப்படி எழுதுவார்?

ஒரு தாளில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். மேலே ஆதாரில் உள்ளபடி பெயர், அதன் கீழே கம்பெனி ரெஜிஸ்டரில் உள்ள பெயர். 12 இலக்க யுஏஎன் (பிஎஃப் பொதுக் கணக்கு எண்), பழைய பிஎஃப் நம்பர், தோட்டமும் டிவிஷனும், சேர்ந்த வருஷம், நின்ற தேதி. பென்ஷன் வாங்குபவரென்றால் பிபிஓ (பென்ஷன் உத்தரவு) நம்பர். ஏற்கெனவே ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தேதி, ரசீது நகல். கடைசி வரியில் எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம். ரெண்டு நகல் எடுத்து, ஒன்றில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லுங்கள். கடிதம் போன பிறகு அதன் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். சால்வையோடு சேர்த்துக் கொடுத்த மனு சால்வையோடுதான் போகும்.

இனி டெல்லிப் பேச்சுக்கு வருகிறேன். பென்ஷன் கணக்கு இது: பென்ஷனுக்கான சராசரிச் சம்பளத்தை பென்ஷனுக்குக் கணக்கில் வரும் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சராசரி 7,000, வருஷம் 25 என்றால் மாதம் 2,500 ரூபாய். நாள் கூலிக்கு வேலை பார்த்து, பாதி மாதம் மஸ்டர் இல்லாமல் போனவருக்கு அதுவும் வராது, குறைந்தபட்சத்தில் வந்து நிற்கும். அந்தக் குறைந்தபட்சத்தை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வருஷம் தாண்டியும் அதே 1,000. ஒரு முறை பஸ் ஏறி ஆஸ்பத்திரி போய் மாத்திரை வாங்கினால் தீர்ந்தது. இதை உயர்த்துவது மூணாறில் நடக்குமா? நாடாளுமன்றத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? இது நாட்டு விஷயமா, வீட்டு விஷயமா?

வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று ஜீவன் பிரமாண் கொடுக்க வேண்டும். முப்பது வருஷம் கொழுந்து எடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. அக்ஷயா சேவை மையத்தில் ஒவ்வொரு விரலாகத் துணியால் துடைத்து, எச்சில் தொட்டு, மறுபடி வைத்து அழுத்துவார்கள். மிஷின் இல்லை இல்லை என்றே சொல்லும். முகத்தைக் காட்டிப் பதியும் வழி போன் ஆப்பில் வந்திருக்கிறது. நம் டிவிஷனில் அதற்கு சிக்னல் எங்கே? இதையும் டெல்லியில்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு முறை இருக்கிறது. மக்களவையில் கேள்வி கேட்க 15 முழு நாட்களுக்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள். குலுக்கலில் வர வேண்டும். அமைச்சர் எழுந்து பதில் சொல்லும் கேள்வி நாளைக்கு 20தான், எழுத்தில் பதில் வருவது 230. எழுத்துப் பதிலைக் குறைவாக நினைக்காதீர்கள். பூட்டிய தோட்டங்களில் எவ்வளவு பிஎஃப் பாக்கி, வசூலிக்க என்ன நடவடிக்கை என்று ஒரு கேள்வி போனால், வரும் பதில் அரசாங்கத்தின் வாக்காக சபைப் பதிவேட்டில் ஏறிவிடும். அப்புறம் கோர்ட்டிலும் காட்டலாம், யூனியன் பேச்சுவார்த்தையிலும் காட்டலாம். குலுக்கலில் வராவிட்டால் விதி 377 இருக்கிறது. சுருக்கமாக எழுதிக் கொடுத்தால் அமைச்சகத்துக்கு அனுப்புவார்கள். இதற்கெல்லாம் எம்பி ஆபீஸில் தேவைப்படுவது தோட்டத்தின் பெயர், ஆள் எண்ணிக்கை, தேதி. அதை நாம் கொடுத்தோமா?

“அவரு போட்டோவுக்குத்தான் வந்தாரு” என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளட்டும். போட்டோ எடுக்கும் கையில் தாளையும் திணியுங்கள்.

“நீ அந்தக் கட்சிக்காரன்” என்பவருக்குப் பதில் கிடையாது.

“எழுதப் படிக்கத் தெரியாத அக்கா இப்படியெல்லாம் மனு எழுதுவாளா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்வி என்னைத் தைத்தது. எழுத மாட்டாள், எழுத வேண்டியதும் இல்லை. நம் ஒவ்வொரு டவுனிலும் மூன்று யூனியன் ஆபீஸ் இருக்கிறது, சந்தா பிடிக்கிறார்கள். பட்டம் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள், அந்த வீடியோவை வெட்டி ஒட்டி மியூசிக் போடத் தெரிந்த பிள்ளைகள். தம்பி, உனக்கு அந்த வேலை தெரிகிறது. பத்துப் பேருடைய யுஏஎன் நம்பரை வரிசையாக ஒரு தாளில் டைப் செய்யத் தெரியாதா? உன் அம்மாவுடைய பெயர் ரெஜிஸ்டரில் எப்படி இருக்கிறது என்று ஒருநாளாவது பார்த்தாயா?

1951 தோட்டத் தொழிலாளர் சட்டம்தான் இந்த லயத்தையும் ஆஸ்பத்திரியையும் பிள்ளைக் காம்பராவையும் (குழந்தைக் காப்பகம்) கம்பெனி தலையில் கட்டியது. அந்தச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்ததாக அறிவித்த சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. வீட்டுக்கு எத்தனை அடி, கூரை யார் மாற்றுவது என்பதெல்லாம் இனி அதன் கீழ் வரும் விதிகளில். பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி லயத்தோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். லயம் எங்கே இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று எழுதும் சட்டத்தைப் பற்றி ஒரு எம்பி பேசினால் அதற்குச் சிரிப்புச் சத்தம் போடுகிறோம்.

சாதிச் சான்றிதழையும் சொல்லியாக வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று உன் தாத்தா எங்கே இருந்தார் என்று கேட்கிறார்கள். கங்காணி கூட்டி வந்த ஆளுக்கு என்ன கடுதாசி இருக்கும்? தேவிகுளத்தில் ஜெயித்த எம்எல்ஏவுக்கே அந்தக் கேள்வி வந்தது. 2023இல் உயர்நீதிமன்றம் தேர்தலைச் செல்லாதென்றது, 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வக்கீல் வைத்து உச்ச நீதிமன்றம் வரை போக அவரால் முடிந்தது. கட்டப்பனையில் நர்சிங் சீட்டுக்கு நிற்கும் நம் பெண்ணுக்கு முடியுமா? பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அரசியல் சட்டம் 341இன்படி நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான். அதுவும் எம்பி வேலை.

1956இல் எல்லைக்கோடு போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் இந்தப் பக்கம் நின்றன. மேற்கே போனால் நம்மைப் பாண்டி என்று ஏளனமாகச் சொல்கிறார்கள், கீழே போடிக்குப் போனால் மலையாளத்தான் வீட்டுப் பிள்ளை என்கிறார்கள். கவுன்டரில் தமிழில் எழுதிய தாளை நீட்டினால் முகம் சுளிக்கிறார்கள், மலையாளத்தில் எழுதி வா என்கிறார்கள், நாமும் தலையைக் குனிந்து திரும்பி வருகிறோம். அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழர்களுக்குத் தனியாகவே அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள். வாங்க மாட்டேன் என்றால் எந்த ஆபீஸ், எந்தத் தேதி என்று குறித்துக்கொண்டு வந்து, எம்பிக்கு ரெண்டாவது மனுவாக அதைக் கொடுங்கள். பிஎஃப் படிவமும் பென்ஷன் படிவமும் நம் மலையில் தமிழில் கிடைக்க வேண்டும், பிஎஃப் ஆட்கள் மாதத்துக்கு ஒரு நாளாவது மூணாறிலும் வண்டிப்பெரியாரிலும் மேசை போட்டு உட்கார வேண்டும், அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். எம்பி அடுத்து எந்த டிவிஷனுக்கு வந்தாலும் முதலில் நீட்ட வேண்டிய தாள் இது.