எங்க ஊர் பிரசிடெண்டும் டெல்லி பிரசிடெண்டும்

நாலாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் ஆய்வாளர் வந்தார். முன்வரிசையில் இருந்த என்னை எழுப்பி, "நம்ம பிரசிடெண்ட் யாரு?" என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பேரைச் சொன்னேன். வீடு மேலத்தெருவில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆய்வாளரே சிரித்துவிட்டார். சார் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது நினைத்தாலும் என் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் 'பிரசிடெண்ட்' என்றால் ஊராட்சித் தலைவர்தான். டெல்லியில் இருப்பவர் எங்கள் அப்பாவுக்கு 'ஜனாதிபதி', பேப்பருக்குக் 'குடியரசுத் தலைவர்'.

எனக்குச் சித்தப்பா முறையுள்ள ஒருவர் எங்கள் ஊரில் ஒரு தடவை துணைத்தலைவராக இருந்தார். தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பணம் வராது, துணைத்தலைவரும் போட வேண்டும். பாதித் தெருவுக்குக் குழாய் பதித்துவிட்டு முழுத் தெருவுக்கும் பில் வந்தபோது சித்தப்பா பேனாவைத் திறக்கவில்லை. "கையெழுத்துதானே, போட்டுட்டுப் போயேன்" என்று சொல்லாத ஆளில்லை. இரண்டு மாதம் போடவில்லை. கடைசியில் மிச்சக் குழாய் வந்தது, அப்புறம்தான் கையெழுத்தும் வந்தது.

இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டுதான் டெல்லி பிரசிடெண்டுகளையும் பார்க்கிறேன். எளிமையானவரா, எந்தச் சமூகம், பதவி முடிந்து எத்தனை பெட்டியோடு வெளியே போனார் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். மேஜைக்கு வந்த கோப்பை என்ன செய்தார்? அதுதான் கேள்வி.

அந்தப் பதவியின் கையைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அமைச்சரவை சொல்கிறபடி நடக்க வேண்டும். இந்தச் சண்டை முதல் ஆளிலேயே தொடங்கிவிட்டது. ராஜேந்திர பிரசாத் 1950 முதல் 1962 வரை இருந்தார், இரண்டு முறை தேர்தலில் ஜெயித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 1951இல் இந்து சட்ட மசோதாவில் தன் சொந்தத் தீர்ப்புப்படி நடக்கலாமா என்று நேருவுக்கு எழுதினார். முடியாது, அமைச்சரவை ஆலோசனைதான் என்று அட்டர்னி ஜெனரல் செடல்வாட் சொல்லிவிட்டார். மனுஷன் விடவில்லை. 1960இல் டெல்லியில் இந்தியச் சட்ட நிறுவன விழாவில், குடியரசுத் தலைவரின் அதிகாரம் பிரிட்டிஷ் ராணியின் அதிகாரம் மாதிரியேதானா என்று ஆராயச் சொல்லி மேடையிலேயே பேசினார். பெண்களுக்குச் சொத்தும் விவாகரத்தும் கொடுக்கும் சட்டத்தில் அவர் நின்ற பக்கம் தப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்ட கேள்வி தப்பில்லை.

ராதாகிருஷ்ணனை நாம் ஆசிரியர் தினத்துக்கு எடுத்துக்கொண்டோம். ஜாகிர் உசேன் 1969 மே மாதம் பதவியிலேயே காலமானார். அதற்கப்புறம் நடந்த கூத்துதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம்.

துணைத் தலைவர் வி.வி.கிரி தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காமராஜர் இருந்த சிண்டிகேட் அணி, அதாவது காங்கிரசின் மூத்த தலைவர்கள் கூட்டம், சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. கிரி இரண்டு பதவியையும் உதறிவிட்டுச் சுயேச்சையாக நின்றார். நாட்டுக்குத் தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை. தலைமை நீதிபதி இதயதுல்லா ஒரு மாதத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தார். "மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்று இந்திரா சொன்னார். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. இரண்டாவது விருப்ப ஓட்டை எண்ணி முடிவு தெரிந்தது அந்த ஒரு தேர்தலில்தான். கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. அந்த வருஷக் கடைசியிலேயே காங்கிரஸ் இரண்டானது. எங்கள் பக்கம் காமராஜர் படம் மாட்டியிருந்த வீடுகளில் இந்திரா பேரை வெகுநாள் நல்லபடியாகச் சொன்னதில்லை.

ஓட்டு என்றதும் ஒரு கணக்கு. இந்தத் தேர்தலில் நமக்கு ஓட்டு இல்லை, நாம் அனுப்பியவர்களுக்குத்தான். ஒரு மாநிலத்தின் 1971ஆம் வருஷ மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, அதையும் ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு. தமிழ்நாட்டுக்கு 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் என்று ஐந்து எம்.எல்.ஏ.க்களையும் கூட்டினால் நம் மாவட்டத்தின் எடை 880. 2022இல் ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 700. மொத்த ஓட்டு மதிப்போ 10,86,431. தாமிரபரணியில் ஒரு சொம்புத் தண்ணீர்தான்! பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1971ஐ அப்படியே உறைய வைத்திருக்கிறார்கள். 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்போடு அந்தப் பூட்டு திறந்துவிடும். எம்.பி. தொகுதி பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள் இந்த 176க்கும் 208க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் கொஞ்சம் பாருங்கள்.

சரி, கையெழுத்துக்கு வருவோம்.

1975 ஜூன் 25 ராத்திரி பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். அப்போது அமைச்சரவை கூடியிருக்கவே இல்லை. மறுநாள் விடிகாலையில்தான் அமைச்சர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். 'அமைச்சரவை என்ன சொல்கிறது?' என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ராத்திரி கொஞ்சம் நீண்டிருக்கும். அதனால்தான் 1978இல் 44ஆவது திருத்தம் வந்தபோது, அமைச்சரவை முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடி நிலை அறிவிக்கக் கூடாது என்று சேர்த்தார்கள். ஒரு ஆலோசனையை மறுபடி யோசிக்கச் சொல்லி ஒருமுறை திருப்பி அனுப்பலாம் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். திரும்பவும் அதையே அனுப்பினால் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அந்த 'ஒருமுறை'யைப் பயன்படுத்தியவர்களில் என் ஓட்டு கே.ஆர்.நாராயணனுக்கு. 1997இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அரசு அனுப்பியது. திருப்பினார், அரசும் விட்டுவிட்டது. 1998இல் பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்கச் சொல்லி வாஜ்பாய் அரசு அனுப்பியது. அதையும் திருப்பினார். அந்தக் கட்சிக்கு ஒரு நியாயம், இந்தக் கட்சிக்கு ஒரு நியாயம் என்று இல்லை. அவரை நம் பாடப்புத்தகம் 'முதல் தலித் குடியரசுத் தலைவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அந்த ஒரு வரியில் அடங்காத விஷயம் நம் ஊர்ப்பக்கமே இருக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்தது. எத்தனையோ ஊரில் பதவி பெண்ணுக்கு, 'பிரசிடெண்ட்' என்று ஊர் கூப்பிடுவது வீட்டுக்காரரை. முத்திரை, டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் அவர் சட்டைப்பையில். அப்படி இல்லாமல் நாற்காலியில் தானே உட்கார்ந்தால் என்ன ஆகும்? தாழையூத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரை 2011இல் வெட்டிப் போட்டார்கள். அவர் உயிர் பிழைத்ததே பெரிது. யாருக்கு நாற்காலி கொடுத்தோம் என்பதோடு கணக்கை முடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஆர்.வெங்கட்ராமன் நம் தஞ்சாவூர்க்காரர், சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்துத் தவறாமல் நடப்பவர் என்று பேர் எடுத்தவர். 1991 ஜனவரி 30இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த ஆணையில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்திருந்தார். 356ஆம் பிரிவில் 'ஆளுநர் அறிக்கை பெற்றோ, வேறு வகையிலோ' என்று இருக்கிறதே, அந்த 'வேறு வகையிலோ' கை கொடுத்தது. புத்தகத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. திருப்பி அனுப்பலாம் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

அடுத்து வருவதற்குத் திட்டு விழும், தெரிந்தே எழுதுகிறேன். கலாம் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் மகன் படிக்கிற மேஜைக்கு மேலே அவர் படம்தான். 2006இல், எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளையும் வைத்துக்கொள்ள வழிவிடும் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பியது சின்ன விஷயமில்லை. ஆனால் 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபோது, நடுராத்திரியில், பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓய்வுக்குப் பின் 2011 நவம்பரில் கூடங்குளம் வந்து அணு உலை பாதுகாப்பானது என்றார். இடிந்தகரை ஜனங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது அவர் கையில் கையெழுத்து இல்லை, பேர் மட்டும்தான் இருந்தது.

மானூர் எங்களுக்குப் பக்கம், சங்கரன்கோவில் ரோட்டில். அங்கே கோவிலில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, வயது சுமார் ஆயிரத்து இருநூறு. உத்திரமேரூருக்கும் முந்தையது. ஊர்ச் சபையில் உட்கார என்ன தகுதி வேண்டும் என்று சொல்லிவிட்டு, எதைக் கொண்டுவந்தாலும் 'இல்லை, கூடாது' என்று முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு 5 காசு தண்டம் என்கிறது. எதற்கும் 'இல்லை' சொல்லாதவனுக்கு என்ன தண்டம் என்று அதில் இல்லை. அப்படி ஒரு ஆள் சபைக்கு வருவான் என்று பாண்டியன் நினைத்திருக்க மாட்டான்.

கையெழுத்துப் போடுவது ஒன்று, திருப்புவது ஒன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, வைத்துக்கொள்வது. அஞ்சல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் 1986 மசோதாவை ஜெயில்சிங் போடவும் இல்லை, திருப்பவும் இல்லை. அமெரிக்க அதிபருக்குப் பத்து நாள் கெடு உண்டு, இங்கே கெடுவே கிடையாது. அது சட்டமாகவே ஆகவில்லை. அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

ஆனால் அதே கத்தி நம் பக்கமும் திரும்பும். ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற முருகன், சாந்தன், பேரறிவாளன் கருணை மனு 2000இல் போனது, நிராகரிப்பு வந்தது 2011இல். நடுவில் மாளிகையில் மூன்று பேர் இருந்துவிட்டார்கள். அந்தத் தாமதத்தையே காரணமாகச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. நீட் விலக்கு மசோதாவுக்கு 2017 செப்டம்பரிலேயே ஒப்புதல் இல்லை என்று ஆகிவிட்டது. நமக்குத் தெரிந்தது 2019இல், உயர் நீதிமன்றத்தில். போடவில்லை என்பதைக்கூட ஊருக்குச் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு ஆளுநர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில மசோதாவில் முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கும் மூன்று மாதக் கெடு என்றது. அடுத்த மாதமே முர்மு 14 கேள்விகளை நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பரில் ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செய்தியை அன்றைக்குச் சாயங்காலம் திண்ணையில் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சிருக்கலாமோ?" என்றார். ஆமாம் என்றேன்.

"ரெண்டு மாசத்துக்கே நம்ம வாசல்ல கூட்டம் கூடிட்டுல்லா டே" என்றார்.