சூனியக்காரிகள் யாரையும் கொல்லச் சொல்லவில்லை

ஷேக்ஸ்பியரின் மேக்பெத், அரசனைக் கொன்று அரியணையைப் பிடிக்கும் ஒரு ஸ்காட்லாந்துத் தளபதியின் கதை. அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். அவன் தலையெழுத்து, சூனியக்காரிகள் சொன்னது பலித்துவிட்டது என்பது ஒன்று. நல்ல வீரன், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலுமே உடன்பாடு இல்லை. நாடகத்தை நிதானமாகப் படித்தால் பழியை இறக்கி வைக்க அவனுக்கு வேறு தோளே கிடைக்காது.

முதல் சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து மேக்பெத்தும் சக தளபதி பாங்கோவும் திரும்பும் வழியில் அந்த மூன்று சூனியக்காரிகளும் நிற்கிறார்கள். கிளாமிஸ் பிரபுவே வாழ்க, காடர் பிரபுவே வாழ்க, அரசனாகப் போகிறவனே வாழ்க. அவ்வளவுதான் குறி. எப்போது ஆவான், எப்படி ஆவான், யாரை அப்புறப்படுத்த வேண்டும், எதுவும் கிடையாது. ஆனால் கேட்டதும் மேக்பெத்துக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. நல்ல சேதிதானே, ஏன் பயப்படுகிறாய் என்று பாங்கோ கேட்கிறான். பதில் வரவில்லை. மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை யாரோ நடுவழியில் சத்தமாகச் சொல்லிவிட்டால் அப்படித்தானே இருக்கும்?

சற்று நேரத்தில் காடர் பட்டம் நிஜமாகவே வந்து சேர்கிறது. விதிதான் என்னை அரசனாக்க நினைக்கிறது என்றால் நான் ஒன்றும் செய்யாமலேயே அது முடிசூட்டட்டும் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். உருப்படியான முடிவு. அது அடுத்த காட்சியைக்கூடத் தாண்டவில்லை. டங்கன் மன்னர் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவிக்கிறார். உடனே இவன், நட்சத்திரங்களே வெளிச்சத்தை மறையுங்கள், என் கறுத்த ஆசை யார் கண்ணிலும் படக்கூடாது என்கிறான். இதுவரை அவன் மனைவி மேடைக்கே வரவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, அவள் தூண்டவில்லையா? தூண்டினாள். நீயெல்லாம் ஆம்பிளையா என்கிற அளவுக்குக் குத்திக்காட்டினாள். அவளுக்கு வெள்ளையடிக்க நான் வரவில்லை. ஆனால் அதே சண்டையில், இந்தப் பேச்சை முதலில் என்னிடம் எடுத்தது நீதானே என்றும் கேட்கிறாள். அவன் மறுக்கவில்லை. தூங்கும் டங்கனைப் பார்த்தபோது தன் அப்பா முகம் தெரிந்ததால் அவளால் கத்தியை ஓங்க முடியவில்லை. அவனால் முடிந்தது.

அதற்கப்புறம் நடப்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. பாங்கோவைக் கொல்ல ஆள் வைக்கும்போது மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தெரியாமலே இரு கண்ணே, முடிந்த பிறகு பாராட்டு என்கிறான். பிறகு ஃபைஃப் கோட்டை. அதன் பிரபு மக்டஃப், மேக்பெத்தை எதிர்ப்பவன், ஏற்கெனவே இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்விட்டான். அங்கே இருப்பது அவன் மனைவியும் குழந்தைகளும்தான். மக்டஃபிடம் ஜாக்கிரதையாக இரு என்று சூனியக்காரிகள் வரவழைத்துக் காட்டிய மாய உரு எச்சரித்தது உண்மை. வீட்டில் இருப்பவர்களை வெட்டு என்று அது சொல்லவில்லை. பக்கத்தில் தூண்டிவிட மனைவியும் இல்லை. இந்தக் கொலைகளால் சல்லிக்காசு லாபமும் இல்லை. அம்மாவிடம் துடுக்காகப் பேசிக்கொண்டிருக்கும் சின்னப் பையன் நம் கண் முன்னாலேயே குத்தப்படுகிறான். டங்கன் கொலையைக்கூட மேடைக்குப் பின்னால் வைத்தவர் ஷேக்ஸ்பியர். இதை மறைக்கவில்லை.

குற்றவுணர்ச்சி இருவருக்குள்ளும் இடம் மாறுவதுதான் இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதல் கொலையன்று அவனால் ஆமென் என்றுகூடச் சொல்ல முடியவில்லை, இனி உனக்குத் தூக்கமில்லை என்று குரல் கேட்கிறது. அவளோ கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போச்சு என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பது அவள்தான். அரேபியாவின் வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கை மணக்காது என்கிறாள். நடுவே ஒரு முனகல்: ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, இப்போது எங்கே? அந்தக் கொலையில் அவளுக்குப் பங்கே இல்லை! செய்தவனோ பெண்களின் அலறல் கேட்டும், பயத்தின் ருசியே மறந்துவிட்டது என்கிறான். அது அவன் மனைவியின் சாவுக்கான அலறல்.

பாங்கோவுக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோ கொலைக்குக் கூட்டாளி. நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில். ஸ்காட்லாந்திலிருந்து வந்து 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ், பாங்கோ தன் மூதாதை என்று சொல்லிக்கொண்டவர். சூனியம் பற்றி 1597இல் புத்தகமே போட்டவர். 1605 நவம்பரில்தான் நாடாளுமன்றத்தோடு சேர்த்து அவரைத் தகர்க்க வெடிமருந்து வைத்துச் சதிகாரர்கள் பிடிபட்டார்கள். அந்தச் சூழலில் ராஜாவின் முன்னோரைக் கொலைகாரன் ஆக்க முடியுமா? பாங்கோ நல்லவன் ஆனான். (நிஜ மேக்பெத் பாவம். 1040இல் டங்கனைப் போர்க்களத்தில் வீழ்த்திவிட்டு 17 வருஷம் ஆண்டவர்.)

ஆனாலும் முழுக்க நல்லவன் ஆகவில்லை என்பது என் எண்ணம். அவனுக்கும் குறி சொல்லப்பட்டது, உன் வம்சம் ஆளும் என்று. இருட்டுச் சக்திகள் சின்ன உண்மையைக் காட்டிப் பெரிய குழியில் தள்ளும் என்று முதலில் எச்சரித்தவனும் அவனே. டங்கன் செத்த பிறகு, மேக்பெத் தில்லுமுல்லு செய்துதான் இதை அடைந்திருப்பான் என்று தனியாக நின்று சொல்கிறான். அடுத்த மூச்சில், அவனுக்குப் பலித்தது எனக்கும் ஏன் பலிக்கக் கூடாது என்று நினைப்பு ஓடுகிறது. புது ராஜா வரும் எக்காளம் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறான். சந்தேகத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. ராத்திரி விருந்துக்குத் தவறாமல் வர வேண்டும் என்று மேக்பெத் சொல்ல, சரி என்கிறான்.