பத்தால் பெருக்கப் பூஜ்யம் சேர்த்தால் போதுமா?

"எந்த எண்ணைப் பத்தால் பெருக்கினாலும் கடைசியில் ஒரு பூஜ்யம் போட்டால் போதும்" என்றொரு குறிப்பு சென்னைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. முழு எண்களுக்கு மட்டுமே பொருந்தும்.

அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 0.5 லிட்டர். பத்து பாக்கெட் வாங்கினால்? பூஜ்யம் போட்டால் 0.50, அதுவும் அதே அரை லிட்டர்தான்! கையில் இருப்பதோ 5 லிட்டர்.

பத்தால் பெருக்கும்போது ஒவ்வொரு இலக்கமும் ஓர் இடம் இடப்பக்கம் நகர்கிறது. 0.5-இல் பத்தில் ஒன்றுகள் இடத்திலிருந்த (புள்ளிக்கு அடுத்த இடம்) 5, ஒன்றுகள் இடத்துக்கு வருகிறது. 23 என்பது 230 ஆவதும் இப்படித்தான். காலியான இடத்தைத்தான் பூஜ்யம் நிரப்புகிறது.

குறுக்குவழியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் தசமம் வந்ததும் தடுமாறுவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. தயவுசெய்து இடமதிப்புக் கட்டம் வரைந்து, இலக்கத்தை நகர்த்திக் காட்டுங்கள்.